நீள பஸ் திரும்ப ஓர் இடம்

5 ஜனவரி 1983, புதன்

நடந்ததை நடந்தபடி எழுதுவேன். எனக்கு நல்ல பெயர் வரும்படி எதையும் மாற்ற மாட்டேன். யார் மேலாவது கோபம் வந்தால் அதையும் மறைக்காமல் எழுதுவேன்.

இந்த டைரி சின்னண்ணன் மாமாவுக்கு டயர் கடையில் கொடுத்தது. "நமக்கெதுக்கு சாமி இது, நீ படிக்கற புள்ள, வெச்சுக்க" என்று தந்துவிட்டுப் போனார். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் டயரைப் பற்றி ஒரு வரி அச்சாகியிருக்கிறது. அதைப் படிக்காமல் எழுதப் பழக வேண்டும்.

தொலைந்து போய் யாராவது கண்டெடுத்தால் தெரியட்டும்: என் பெயர் பெரியநாயகி. பத்தாம் வகுப்பு. ஊர் கரட்டுப்புதூர். சேலம்–நாமக்கல் ரோட்டில் புதுச்சத்திரத்தில் பிரிந்து உள்ளே வரவேண்டும். அப்பா மருதாசலம், விவசாயம். அம்மா சௌந்திரம். சின்னண்ணன் மாமா அம்மாவின் அண்ணன். அவருக்கு ஒரு பஸ் இருக்கிறது. ராத்திரி எங்கள் ஊரில் தங்கி, விடிந்ததும் இங்கிருந்தே நாமக்கல் புறப்படும். அந்த முதல் ட்ரிப்பில்தான் நான் பள்ளிக்கூடம் போகிறேன். எங்கள் ஊரிலிருந்து ஹைஸ்கூல் போகும் பெண் நான் ஒருத்திதான்.

ஆறாம் வகுப்பில் சேர்க்கும்போதே அப்பா சொல்லிவிட்டார்: "பஸ்ஸு வாசல்ல ஏத்தி வாசல்ல எறக்குது, அதனால அனுப்பறேன். பஸ்ஸு நின்னா படிப்பும் நின்னுதுன்னு வெச்சுக்க." அவர் சொன்ன சொல்லை மாற்றுகிறவர் அல்ல. பஸ் இதுவரை நிற்கவில்லை. நன்றி என்று யாரிடம் சொல்வது? பஸ்ஸிடமா? இங்கே எழுதி வைக்கிறேன்.

7 ஜனவரி, வெள்ளி

அறிவியல் மன்றப் பேச்சுப் போட்டிக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். பக்கத்துப் பெண்ணுக்குக் காந்தம் வந்தது. இன்னொருத்திக்குத் தாவரங்களின் உணவு. எனக்கு வந்தது: 'விமான நிறுவனங்கள் விமானங்களைத் தேர்ந்தெடுப்பதும் மாற்றுவதும்'. கடலைக்காட்டில் களை எடுக்கும்போது அம்மா தலைக்கு மேலே காட்டிய புள்ளியைத் தவிர நான் விமானம் பார்த்ததில்லை.

என் வகுப்புத் தோழி அந்தோணிமேரி சிரித்தாள். "அதுக்கேன் மூஞ்சிய இப்பிடி வெச்சிருக்கற? எங்கண்ணன் மீனம்பாக்கத்துல ப்ளேன் ரிப்பேர் பாக்கற எடத்துலதான் இருக்குது. லீவுல வந்திருக்குது. ஞாயித்துக்கெழம வா." அவள் அப்பா சவரியார்தான் மாமாவின் பஸ்ஸுக்கு டிரைவர்.

9 ஜனவரி, ஞாயிறு

நாமக்கல்லில் அந்தோணிமேரி வீடு. அவள் அண்ணன் அமிர்தசாமி பூசை முடிந்து வந்து, சட்டையைக்கூட மாற்றாமல் பேச உட்கார்ந்துவிட்டார். கேள்வி கேட்க ஆள் கிடைத்ததில் அவருக்கு அவ்வளவு சந்தோஷம். நான் நினைத்திருந்தது: பணம் இருக்கிற கம்பெனி பெரிய விமானம் வாங்கும், இல்லாத கம்பெனி சின்னது வாங்கும். அப்படி இல்லையாம்.

முதலில் பார்ப்பது, சாதாரண நாளில் எத்தனை பேர் ஏறுவார்கள் என்பது. "தீவாளிக் கூட்டத்தப் பாத்து ப்ளேன் வாங்குனா, மத்த நாளெல்லாம் காலி சீட்டத் தூக்கிட்டுப் பறக்கோணும்" என்றார். அப்புறம் தூரம். அப்புறம், அது போகிற ஊர்களிலேயே எந்த ஊரின் ரன்வே சின்னது என்பது. வெயில் காலத்தில் காற்று லேசாகிவிடும், அதனால் எழும்ப அதிக தூரம் ஓட வேண்டியிருக்குமாம். சித்திரை மாத மதியத்தை வைத்துக் கணக்குப் போட வேண்டும். மார்கழிக் காலையை வைத்துப் போட்டால் தப்பாகிவிடும். ஒரே வகை விமானமாக வைத்துக்கொண்டால் ஒரே உதிரி பாகம், ஒரே பயிற்சி. இன்று கேட்டால் நாளைக்குக் கிடைக்காது, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதனால் தப்பாகக் கேட்டுவிட்டால் தப்போடுதான் குடும்பம் நடத்த வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்தது இது: விமானத்தின் வயதை வருடத்தில் மட்டும் எண்ணுவதில்லை. ஒவ்வொரு தடவை மேலே போகும்போதும் உள்ளே இருக்கிற காற்றழுத்தத்தால் அதன் உடம்பு கொஞ்சம் விரியும், இறங்கும்போது சுருங்கும். எத்தனை தடவை ஏறி இறங்கியது என்பதையும் எண்ணுவார்களாம். பறக்கிற நேரத்தைவிட ரிப்பேருக்காகத் தரையில் நிற்கிற நேரம் கூடிப்போனால் மாற்றிவிடுவார்கள்.

"பெரிய ப்ளேன் வந்தா சின்ன ஊருக்கு என்ன ஆவும்?" என்று கேட்டேன்.

"எறங்க முடியலீன்னா அந்த ஊர உட்டுருவாங்க. இல்லீன்னா ரன்வேய நீட்டோணும்."

உள்ளேயிருந்து அவர் அம்மா தெரசம்மாள் குரல் கொடுத்தார்: "ப்ளேனு வாங்கறதப் பத்தி ஊருக்கே பாடம் நடத்தறான். கிறிஸ்மஸுக்கு இவன் வாங்கிட்டு வந்த செருப்பு ரெண்டும் ஒரே காலுக்கு."

அமிர்தசாமி அண்ணன் எழுந்து சட்டை மாற்றப் போய்விட்டார். எனக்கு ஒரு தட்டு நிறைய முறுக்கு கிடைத்தது. நல்ல மனிதர்கள்.

11 ஜனவரி, செவ்வாய்

மாமா புது பஸ் வாங்குகிறார். சேஸிஸ் வந்துவிட்டது, கரூரில் பாடி கட்டுகிறார்கள். அப்பாவுக்கே இன்றுதான் தெரியும்.

"பழசு மொத ட்ரிப்பு முடிஞ்சா பகல்ல பாதி நேரம் ஒர்க்‌ஷாப்புலயே நிக்குது, வேற என்ன பண்றது" என்றார் மாமா. அது சரியான காரணம்தான், விமானக் கம்பெனியும் அதைத்தான் சொல்லும். ஆனால் அடுத்து ஒன்று சொன்னார்: "போன வைகாசி மூர்த்தத்தன்னைக்கு நம்ம பஸ்ஸுக் கூரை மேல எத்தன பேரு உக்காந்திருந்தாங்க, நெனச்சுப் பாருங்க மாப்ள. அதான் இருக்கறதுலயே நீளமானதா எடுத்துப்போட்டேன்."

கல்யாண நாள் கூட்டத்துக்குப் பஸ் வாங்கியிருக்கிறார்.

அப்பா "நல்லதுங்க மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

16 ஜனவரி, ஞாயிறு

பொங்கல் சீர் கொண்டுவந்த மாமா இன்னும் போகவில்லை. சாப்பாடு முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது என் பேச்சைப் படித்துக் காட்டச் சொன்னார்கள்.

'திருவிழாக் கூட்டத்தை வைத்து அல்ல, ஒரு சாதாரணச் செவ்வாய்க்கிழமையை வைத்தே விமானத்தின் அளவு முடிவாகிறது' என்ற வரி வந்ததும் அப்பா துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிப்பை மறைத்தார் என்று நினைக்கிறேன். மாமா என்னைப் பார்த்தார்.

'ஒரு விமானம் செல்லும் ஊர்களில் மிகச் சிறிய ஓடுதளம் எதுவோ, அதுவே அளவுகோல்.'

"ஏஞ்சாமி, ப்ளேனுக்கு ரிவர்ஸ் கியர் கெடையாது. பஸ்ஸுக்கு இருக்குதில்ல?" என்றார் மாமா. அம்மா சிரித்தாள். நானும் சிரித்தேன். ஆனால் எல்லோரும் ஊரில் பஸ் திரும்புகிற கோயில் முக்கைத்தான் நினைத்திருப்போம். இப்போதிருக்கும் பஸ்ஸே அங்கே மூச்சைப் பிடித்துக்கொண்டுதான் திரும்புகிறது. ஒரு பக்கம் காளியம்மன் கோயிலின் கல்மேடை. எதிர்ப் பக்கம் எங்கள் விவசாயக் காட்டின் கிளுவைமுள் வேலி.

கடைசியாக, 'பெரிய விமானம் வரவேண்டுமென்றால் ஓடுதளத்தை நீட்டுவார்கள்' என்று முடித்தேன்.

அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். "அப்பிடி நீட்டற எடம் ஆருதம்மிணி?"

தெரியவில்லை என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை. நான் படித்ததில் அது இல்லை.

3 பிப்ரவரி, வியாழன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத முடிகிறதா பார்க்கிறேன்.

புது பஸ் மாலையில் வந்தது. மஞ்சளும் சிவப்புமாக, கல்யாணப் பெண் மாதிரி. ஊரே வந்துவிட்டது. தேங்காய் உடைத்து, சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டினார்கள். அப்புறம் சவரியார் கோயில் முக்கில் திருப்பினார்.

முன்பக்கம் கல்மேடையை முட்டப் பார்த்தது. பின்னால் எடுத்தார், பின்பக்கம் வேலிக்குள் போய்விட்டது. கிளுவைக் கிளைகள் முறியும் சத்தம். முன்னால், பின்னால், மறுபடி முன்னால். ஸ்டியரிங்கைச் சுற்றிச் சுற்றி அவர் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. வேலிக்கு உள்ளே அப்பா நின்றிருந்தார். வெளியே ரோட்டில் மாமா நின்றிருந்தார். இரண்டு பேரும் ஒரே வேலியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

கடைசியில் பஸ்ஸை ரிவர்ஸிலேயே மெயின் ரோடு வரைக்கும் கொண்டுபோனார்கள். ஜனமெல்லாம் பின்னாலேயே நடந்தது, சாமி ஊர்வலம் மாதிரி. யாரோ சிரித்தார்கள்.

சவரியார் இறங்கி மாமாவிடம் சொன்னார்: "தெனமும் இருட்டுல இப்பிடியே பின்னால போனன்னா, ஒரு நாளைக்கு ஆட்டையோ ஆளையோ ஏத்திப்போடுவனுங்க. என்னால ஆவாது."

பழைய பஸ்ஸை மாமா விற்றுவிட்டார். இனி பஸ் புதுச்சத்திரத்தோடு நின்றுவிடும். ராத்திரி தங்குவதும் அங்கேதான்.

4 பிப்ரவரி, வெள்ளி

அந்த வேலி மூலையைக் கொஞ்சம் உள்ளே தள்ளினால் போதும், பஸ் திரும்பிவிடும். எனக்குத் தெரிகிறது, சவரியாருக்குத் தெரிகிறது, நேற்று வேடிக்கை பார்த்த எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அப்புறம் ஏன் யாரும் சொல்லவில்லை? அடுப்படியில் அம்மாவிடம் கேட்டேன்.

"எங்கண்ணன் கேக்க மாட்டாரு. பொறந்தவன் தங்கச்சி ஊட்டுக்குச் சீர் கொண்டுக்கிட்டுத்தான் வரோணும். நெலத்தக் கேட்டுக்கிட்டு வந்தா ஊரு என்ன பேசும்?"

"அப்பாவே தந்தா?"

"ஒரு வார்த்த கேக்காம பஸ்ஸு வாங்குனாருன்னு உங்கப்பனுக்கு மனசுல இருக்குது. அதுவுமில்லாம வேலி. ஒரு மொழம் வரப்புக்கு உங்கப்பாரு சாகற வரைக்கும் கோர்ட்டுக்கு நடந்தாரு. அந்த வேலிய உங்கப்பனே நட்டது. அதப் போயி ஆரு கேப்பா?"

அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா. அவர் முகம் எனக்கு நினைவில்லை. அந்த வழக்கை மட்டும் ஊரே இன்னும் சொல்லும்.

ஆக, கேட்க வேண்டியவர் கேட்கக்கூடாது, கொடுக்க வேண்டியவர் கேட்காமல் கொடுக்க மாட்டார். நடுவுல நான் என்ன பண்ணுவேன்? எம்படிப்பு என்ன ஆவறது? ரெண்டு பேருக்கும் அது ஞாபகமே வல்லியா?

7 பிப்ரவரி, திங்கள்

அப்பா சொல்லிவிட்டார்: "பரிச்ச முடியற வரைக்கும் நான் கொண்டுவந்து உடறேன்." முடிந்த பிறகு என்ன என்று சொல்லவில்லை.

இருட்டோடு சைக்கிளில் புதுச்சத்திரம். நான் கேரியரில். அந்த நேரத்தில்தான் எங்கள் கிணற்றுக்குக் கரண்ட் வரும். இந்த வருடம் மழையில்லை, கிணற்றில் ஊறுவதே கொஞ்சம். அப்பா திரும்பி வந்து மோட்டார் போடுவதற்குள் பாதி நேரம் போய்விடுகிறது. தண்ணீர் பாயாத பாத்தியைப் பார்த்துவிட்டு அவர் என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. மேட்டில் மூச்சு வாங்கும்போது மட்டும் "புஸ்தகமெல்லாம் இவ்வளவு கனமாவா இருக்கும்?" என்றார்.

நன்றி அப்பா. நேரில் சொன்னால் வெட்கப்படுவார்.

12 பிப்ரவரி, சனி

சேலத்தில் போட்டி. மூன்றாம் பரிசு, ஒரு எவர்சில்வர் டம்ளர்.

நன்றாகப் பேசினேன். முடிவில் எழுதி வைக்காத ஒன்றைச் சேர்த்துச் சொன்னேன்: "ஓடுதளத்தை நீட்டும்போது அந்த இடம் ஒரு விவசாயியின் நிலமாக இருந்திருக்கும். அவர் பெயரை யாரும் எழுதி வைப்பதில்லை." நடுவர் ஒருவர் கடைசிப் பகுதி தலைப்புக்கு வெளியே போய்விட்டது என்றார். அவர் சொன்னது சரிதான். இருந்தாலும் சொன்னதற்கு நான் வருத்தப்படவில்லை.

அப்பாவிடம் டம்ளரைக் கொடுத்தேன். தட்டிப் பார்த்துவிட்டு "கனமாத்தான் குடுத்திருக்கறாங்க" என்றார்.

20 மார்ச், ஞாயிறு

நாளையிலிருந்து பரீட்சை முடியும் வரை நான் அந்தோணிமேரி வீட்டில். தெரசம்மாள் அம்மாவே ஊருக்கு வந்து அம்மாவிடம் கேட்டார். "எனக்கு ஒண்ணு படிச்சாலும் ரெண்டு படிச்சாலும் லைட்டு ஒண்ணுதானுங்க எரியும். அனுப்பி வைங்க."

1 ஏப்ரல், வெள்ளி

இவர்களுக்குப் பெரிய வெள்ளி. வீட்டில் எல்லோரும் ஒருவேளைக் கஞ்சி. எனக்கு மட்டும் தெரசம்மாள் அம்மா இட்லி அவித்தார். நானும் கஞ்சி குடிக்கிறேன் என்றதற்கு, "கணக்குப் பரிச்சைய வெச்சுக்கிட்டு எங்க ஆண்டவருக்காக நீ வவுறு காய வேண்டாம், அவரு கோவிச்சுக்க மாட்டாரு" என்றார். சவரியார் சிரித்துக்கொண்டே கஞ்சியைக் குடித்தார்.

புது பஸ்ஸில் பாதி சீட் காலியாகத்தான் ஓடுகிறதாம். "உங்க மாமங்கிட்டச் சொல்லீராத" என்றார். சொல்லவில்லை. இங்கே எழுதியது கணக்கில் சேராது.

10 ஏப்ரல், ஞாயிறு

பரீட்சை முடிந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். இனி என்ன என்று அப்பா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

2 மே, திங்கள்

குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளிக் காட்டில் களை எடுத்தேன். கை முழுவதும் கொப்புளம்.

28 மே, சனி

ரிசல்ட் வந்துவிட்டது. பள்ளியில் இரண்டாம் இடம். அந்தோணிமேரியும் பாஸ்.

மாமா லட்டு வாங்கி வந்தார். "ப்ளஸ் ஒன்னுல என்ன எடுக்கறது சாமி?" என்று கேட்டுவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டு வானத்தைப் பார்த்தார். அப்பாவும் வானத்தைப் பார்த்தார். இரண்டு பேரும் மழையைப் பற்றிப் பேசினார்கள். மேகம் ஒரு துண்டுகூட இல்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டேன். ஏன் ரெண்டு பேரும் வாயத் தொறக்க மாட்டீங்கறீங்க? மாமன் கேக்கக்கூடாது, சரி. நான் கேக்கலாமில்ல? நான் இந்த ஊட்டுப் புள்ளதான?

29 மே, ஞாயிறு

கேட்டுவிட்டேன்.

அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தார். மனப்பாடம் செய்ததெல்லாம் மறந்துபோய், "கண்ணாலத்துக்கு எனக்குச் செய்யறதுல வளையல் வேண்டாமுங்கப்பா. அதுக்குப் பதிலா அந்த வேலி மூலையக் குடுத்துருங்க. பஸ்ஸு திரும்பட்டும்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் திரும்பவே இல்லை. தட்டை உதறிப் போட்டார். கடைசித் தட்டையும் போட்டுவிட்டு, "போயி எருமைக்குத் தண்ணி காட்டு" என்றார்.

தண்ணீர் காட்டினேன். வேறென்ன செய்வது.

30 மே, திங்கள்

விடிகாலையில் அரிவாள் சத்தம். நான் போய்ப் பார்த்தபோது அப்பா வேலி மூலையைப் பாதிக்குமேல் வெட்டிச் சாய்த்திருந்தார். கையெல்லாம் கிளுவை முள் கீறல். மூலையில் இருந்த குச்சிக்கிழங்குச் செடிகளையும் பிடுங்கிப் போட்டிருந்தார். தை மாதம் நட்டது. கிழங்கு சுண்டுவிரல் பருமன்கூட இல்லை. சைக்கிள் மிதித்துவிட்டு ஓடிவந்து அவர் தண்ணீர் பாய்ச்சிய செடிகள்.

நான் எதுவும் பேசுவதற்கு முன்னால் அவரே சொன்னார்: "இத வெச்சுக்கிட்டு வளையல் வேண்டாங்கறதெல்லாம் ஆவாது. அது தனி, இது தனி."

அம்மா வந்து பார்த்துவிட்டு, வெட்டிய கிளைகளை அள்ளி ஒதுக்க ஆரம்பித்தாள். நானும் அள்ளினேன். கிளுவைப் பால் வாசனை இன்னும் கையில் இருக்கிறது.

எப்படியோ சேதி தெரிந்து மாமா மத்தியானமே வந்துவிட்டார். செருப்பைக்கூடக் கழற்றாமல் காட்டுக்குள் நின்றார்.

"மாப்ள, நான் கேக்கலியே."

"நீங்க கேக்கலீங்க மச்சான். கேட்டிருந்தீங்கன்னா குடுத்திருக்க மாட்டேன்."

அப்பா அரிவாளைத் துடைத்துக்கொண்டே, "வருசா வருசம் நீங்களே சீர் கொண்டாரீங்க. ஒரு வருசம் நான் செஞ்சா ஆவாதா?" என்றார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமா துண்டை எடுத்து மூக்கைச் சிந்தினார். அப்புறம் சொன்னார்: "அடுத்த பஸ்ஸு வாங்கறப்ப உங்களக் கேக்காம வாங்குனா என்னைய ஏன்னு கேளுங்க."

"என்னைய வேண்டாம். இவளக் கேளுங்க. செவ்வாக்கெழம எத்தன பேரு ஏறுவாங்கன்னு சொல்லுவா."

1 ஜூன், புதன்

மாமா லாரியில் சரளை கொண்டுவந்து கொட்டினார். ஊர்க்காரர்கள் மண்வெட்டியோடு வந்தார்கள். எங்கள் அப்பாருவின் வரப்பு வழக்கைக் கிண்டல் செய்கிற கிழவர்கள்கூட வந்து நிரவினார்கள். அப்பா நடுவில் நின்று, "அக்கட்டால, இன்னுங் கொஞ்சம் தள்ளி" என்று சொல்லி இன்னொரு வரிசைச் செடியையும் பிடுங்கச் செய்தார். கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது, தாராளமாகத் திரும்ப வேண்டுமாம்.

13 ஜூன், திங்கள்

ப்ளஸ் ஒன் சேர்ந்தாகிவிட்டது. அறிவியல் பிரிவு. விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போடும்போது பேனாவை அழுத்தியதில் காகிதமே கிழியப் பார்த்தது.

19 ஜூன், ஞாயிறு

நாளை வகுப்பு ஆரம்பம். இன்று சாயந்தரம் பஸ் மறுபடி ஊருக்குள் வந்தது.

தேங்காயும் இல்லை, சூடமும் இல்லை. சொல்லப்போனால் அதிகம் பேர் வரவும் இல்லை. ஆறேழு பேர் இறங்கினார்கள், மூட்டைகளோடு, ஏதோ என்றைக்குமே இப்படித்தான் வந்து இறங்குவது போல. அப்பா வேலி இருந்த இடத்தில் நின்று "வரட்டும், வரட்டும், ஒடிங்க" என்று கிளீனர் மாதிரி கையை ஆட்டினார். சவரியாருக்கு அந்தக் கையே தேவைப்படவில்லை. ஒரே வளைப்பு. அவ்வளவு நீளமும் எங்கள் காட்டு மண்ணின் மேல் மெதுவாகச் சுற்றி, காலையில் புறப்பட வேண்டிய பக்கம் பார்த்து நின்றது.

"பண்ணாடி, ப்ளேனே எறக்கலாமுங்க இதுல" என்றார் சவரியார் அப்பாவைப் பார்த்து, சன்னல் வழியாக.

"எறக்குங்க. ஆனா கெழங்குச் செடிய மிதிக்காம எறக்கோணும்" என்றார் அப்பா.

அம்மா சவரியாருக்கும் கண்டக்டருக்கும் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் கொடுத்து அனுப்பினாள். நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். திரும்பும்போது அப்பா இன்னும் அங்கேயே உட்கார்ந்திருந்தார், பஸ்ஸின் பின்சக்கரத்துக்குப் பக்கத்தில். "போயிப் படு. வெடியால எந்திரிக்கோணுமில்ல" என்றார். நாளை அவர் சைக்கிள் எடுக்க வேண்டியதில்லை. கரண்ட் வந்ததும் மோட்டார் போட்டுவிடலாம்.

புத்தகங்களை எடுத்து வைத்துவிட்டேன். சன்னலிலிருந்து பார்த்தால் பஸ் தெரிகிறது. உள்ளே கண்டக்டர் சீட்டில் போர்வையை விரிக்கிறார். சவரியார் சிலுவை போட்டுக்கொள்கிறார். இதோ, விளக்குகளை அணைத்துவிட்டார்கள்.